கடலில் வரும் வீட்டுச் சாமானும் நகராத டிராக்கிங்கும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் வந்த புதிதில் பட்ட பாடுதான் ஞாபகம் வந்தது. சாமானைக் கப்பலில் போட்டுவிட்டு நீங்கள் விமானத்தில் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இருபத்திரண்டு நாளாக டிராக்கிங்கில் 'டிரான்ஷிப்மென்ட் துறைமுகத்தில் இறக்கப்பட்டது' என்ற ஒரே வரி, அதாவது கப்பல் மாற்றும் துறைமுகத்தில். வரவேண்டிய தேதி இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. ஏஜென்டைக் கேட்டால் 'வந்துகொண்டிருக்கிறது' என்கிறார். பெட்டி தொலைந்துவிட்டதா, யாரைப் பிடிப்பது, அதுவரை மெத்தை வாங்குவதா வேண்டாமா. இவ்வளவுதானே?

தொலைந்திருக்காது, அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். 2023இல் உலகம் முழுக்கக் கப்பல்கள் சுமந்த சுமார் 25 கோடி கன்டெய்னர்களில் கடலில் விழுந்தவை 221 என்று கப்பல் கம்பெனிகளின் சங்கமான வேர்ல்டு ஷிப்பிங் கவுன்சில் கணக்குச் சொல்கிறது. உங்களுடையது எங்கோ ஒரு யார்டில் அடுக்கின் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

பெட்டிக்குள் ஒரு ஜிபிஎஸ் இருந்து பேசிக்கொண்டே வரும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். பெரும்பாலான கன்டெய்னர்களில் அப்படி எதுவும் கிடையாது. துறைமுகக் கேட்டுக்குள் வந்தது, கப்பலில் ஏற்றியது, இறக்கியது, கேட்டை விட்டுப் போனது என்று யாராவது பெட்டியில் கைவைக்கும்போது விழும் பதிவுகள்தான் உங்களுக்கு வரிவரியாகத் தெரிகின்றன. நடுக்கடலில் யாரும் கைவைப்பதில்லை, அதனால் மூன்று வாரம் ஒன்றும் விழாது. அந்த மௌனம் இயல்பு. ஆனால் உங்களுடையது இறக்கிவிட்டு இன்னும் ஏற்றாத மௌனம். அதை மட்டும் விசாரிக்கத்தான் வேண்டும்.

அங்கே என்ன நடக்கிறது என்றால், சின்ன துறைமுகங்களிலிருந்து ஃபீடர் என்ற சிறிய கப்பல்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து கொழும்பு, சிங்கப்பூர், போர்ட் கிளாங், ஜெபல் அலி மாதிரி பெரிய துறைமுகங்களில் இறக்கும். தூரப் பயணத்துக்கு அங்கிருந்து மதர் வெசல் என்ற பெரிய கப்பல் எடுத்துப் போகும். ஃபீடர் ஒரு நாள் பிந்தினால் மதர் வெசல் காத்திருக்காது. இந்தச் சேவைகள் பெரும்பாலும் வாரம் ஒரு கப்பல் என்று ஓடுபவை, ஆகவே ஒரு நாள் பிந்தியதற்கு ஒரு வாரம் போய்விடும். நேரத்துக்கு வந்தாலும் கப்பலில் இடமில்லை என்று சில பெட்டிகளை அடுத்ததற்குத் தள்ளுவார்கள். 'ரோல் ஆகிவிட்டது' என்பார்கள். முதல் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களோடு இரண்டு தடவை ரோல் ஆனதையும் சேர்த்தால் உங்கள் இருபத்திரண்டு நாள் கணக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இதற்கிடையில் டிராக்கிங் பக்கம் பழைய கப்பலின் தேதியையே காட்டிக்கொண்டிருக்கும். யாராவது புக்கிங்கை மாற்றிப் பதியும் வரை அதற்குத் தெரியாது.

இது போக, செங்கடல் வழி. 2023 கடைசியில் அங்கே தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல ஷிப்பிங் லைன்கள், அதாவது கப்பல் கம்பெனிகள், சூயஸ் கால்வாயைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அதில் பத்து நாள், இரண்டு வாரம் கூடும். தனித்தனியாக வரவேண்டிய கப்பல்கள் கூட்டமாக வந்து சேர்ந்தால் துறைமுகமும் திணறும். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் ஆறு நாள் கால்வாயை அடைத்தபோது நடந்ததும் இதுதான். கப்பலை இழுத்துவிட்ட பிறகும் துறைமுகங்களில் நெரிசல் தீர வாரக்கணக்கில் ஆனது.

என் கதையைச் சொல்கிறேன், அதில் இரண்டு முட்டாள்தனம் இருக்கிறது.

கப்பல்களைக் காட்டும் வரைபடத்தில் என் கப்பலைத் தேடிக் கண்டுபிடித்து ராத்திரி ராத்திரி பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஆளையே காணோம். பதறிப்போனேன். கப்பல் தன் இடத்தைச் சொல்வது ரேடியோவில். கரையில் உள்ள கருவிக்கு அது சுமார் நாற்பது கடல் மைல் வரைதான் எட்டும், அதற்கப்பால் செயற்கைக்கோள் வேண்டும், இலவச வரைபடங்களில் அது பெரும்பாலும் இருக்காது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நாலைந்து நாள் கழித்துத் திரும்ப முளைத்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் திரும்பித் திரும்பி, வரைபடத்தில் நூல் சிக்கு விழுந்த மாதிரி ஒரு தடம். அப்புறம் ஒரு காலையில் உள்ளே போய்விட்டது! அலுவலகத்தில் லீவு சொல்லி, லாரிக்கும் ஏற்பாடு செய்தேன்.

என் பெட்டி அதில் வரவே இல்லை. பாதி வழியில் ரோல் ஆகி, பத்து நாள் பின்னால் வேறு கப்பலில் வந்துகொண்டிருந்தது. என் ஏஜென்ட் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கப்பல் எங்கே என்றுதான் பார்த்தேனே தவிர, பெட்டி அதில்தான் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டாவது இதைவிட மோசம். சரக்கை ஏற்றதற்குத் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் (பி.எல்.), சரக்கு வந்ததும் யாருக்குத் தகவல் சொல்வது என்ற இடத்தில், ஊரை விட்டு வரும்போது துண்டித்துவிட்ட பழைய மொபைல் எண்ணையும் பழைய ஆபீஸ் மின்னஞ்சலையும் கொடுத்திருந்தேன். அரைவல் நோட்டீஸ் எங்கேயோ போய் விழுந்தது. ஒன்பது நாள் சாமான் குடோனில் கிடந்தது எனக்குத் தெரியாது. கடலில் எத்தனை வாரம் தாமதமானாலும் அதற்காக யாரும் என்னிடம் காசு கேட்கவில்லை. இறங்கிய பிறகு நான் பிந்தியதற்குத்தான் கேட்டார்கள். இலவச நாட்கள் முடிந்ததும் வாடகை ஓட ஆரம்பித்துவிடும், நமக்குத் தகவல் வந்ததா இல்லையா என்று அது பார்க்காது. அதனால் இன்றைக்கே உங்கள் பி.எல். நகலை எடுத்து அந்த எண்ணும் மின்னஞ்சலும் இப்போது உயிரோடு இருப்பவையா என்று பாருங்கள். மாற்ற வேண்டும் என்றால் கப்பல் வருவதற்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

முழுக் கன்டெய்னரா, பங்குக் கன்டெய்னரா என்று நீங்கள் எழுதவில்லை. பத்துப் பதினைந்து அட்டைப்பெட்டி என்றால் பங்காகத்தான் இருக்கும், எல்.சி.எல். என்பார்கள். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஏஜென்ட் கொடுத்த ஹவுஸ் பி.எல். அந்த எண்ணை ஷிப்பிங் லைனின் பக்கத்தில் போட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்றுதான் வரும். அங்கே செல்லுபடியாவது லைன் ஏஜென்டுக்குக் கொடுத்த மாஸ்டர் பி.எல்.லின் எண் அல்லது கன்டெய்னர் எண். கன்டெய்னர் எண் நாலு ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றதையெல்லாம் சரிபார்க்க வைத்த இலக்கம், அதை விட்டுவிட்டு அடிக்காதீர்கள்.

எல்.சி.எல்.லில் இன்னொன்று. உங்கள் காகிதம் சுத்தமாக இருந்தாலும், அதே பெட்டியில் இருக்கும் வேறொருவரின் சாமானைக் கஸ்டம்ஸ் பிடித்தால் எல்லோரும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். கப்பல் வந்த பிறகும் பெட்டியைக் குடோனுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து அடுக்கச் சில நாள் எடுக்கும். ஒரு நாள் டிராக்கிங்கில் 'காலியாகத் திரும்பியது' என்று வரும். அதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பெட்டி காலி, உங்கள் சாமான் குடோனில். ஆனால் அன்றைக்கே போன் போடுங்கள்.

ஏஜென்டிடம் 'எப்போது வரும்' என்று கேட்டால் 'வந்துகொண்டிருக்கிறது' என்பதைத் தவிர வேறு பதில் வராது. இப்படி எழுதுங்கள்: "என் சாமான் இருக்கும் கன்டெய்னர் எண் என்ன? அடுத்து எந்தக் கப்பல், எந்த வாயேஜ் (பயண) எண்? அதில் ஏற்றியாகிவிட்டதா, ஏற்றத் திட்டமா? இங்கே இறங்கியதும் கையாளப்போகும் ஏஜென்ட் யார், இலவச நாட்கள் எத்தனை?" ஏற்றியதா திட்டமா என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள், பூசி மெழுகுவது அங்கேதான். மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். இரண்டு நாள் பதில் இல்லையென்றால் இங்குள்ள ஏஜென்டையே நேராகப் பிடியுங்கள். அவர்களுக்கும் முன்கூட்டியே தகவல் வந்திருக்கும்.

காத்திருக்கும் நாளில் சாமான் பட்டியல், பாஸ்போர்ட் நகல், விசா, கஸ்டம்ஸ் படிவம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்துவிடுங்கள். குடியேறி வருபவர்களின் பழைய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகள் வரி விலக்குத் தருகின்றன, ஆனால் வந்து இத்தனை மாதத்துக்குள் என்று ஒரு கெடு வைத்திருக்கும். உங்களுக்கு அந்தக் கெடு நெருங்குகிறதா என்று பாருங்கள். நஷ்டஈடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சரக்குக் காப்பீட்டின் வழக்கமான விதிகளில் தாமதத்தால் வரும் நஷ்டம் சேராது. உடைந்தால் கேட்கலாம்.

மெத்தையை வாங்கிவிடுங்கள் தம்பி. நான் 'அடுத்த வாரம் வந்துவிடும்' என்று பதினோரு வாரம் தரையில் படுத்தேன். கடைசியில் கட்டில் வந்தது. அதன் நட்டு போல்ட் போட்ட பை மட்டும் என் கைப்பையில் வந்து, முதல் வாரமே குப்பையில் போயிருந்தது.