எல்லை தாண்டிச் சிறிய கல்லூரியில் சேர்க்கும் முன்

மதிப்பிற்குரிய ஐயா,

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் ப்ளஸ் டூ முடித்திருக்கும் உங்கள் மகளை, வேலந்தாவளம் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் கோவை மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிக்கச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி சிறியது என்பதற்காகவே அதை ஒதுக்க வேண்டியதில்லை. வகுப்பில் முப்பது பேர் மட்டும் இருந்தால், ரத்தம் எடுத்துப் பழகுவதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் முறை வரும். ஆனால் பெரிய கல்லூரியைப் பற்றி ஊரே தகவல் சொல்லும். சிறிய கல்லூரியைப் பற்றி நாமேதான் ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, படிப்பு முடிந்ததும் தரப்போகும் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்பது. விளம்பரப் பலகையில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அறக்கட்டளையாகப் பதிவு செய்ததையும் ஐ.எஸ்.ஓ. தரச் சான்று வாங்கியதையும்கூட அங்கீகாரம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதை 1956ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் வரையறுத்திருக்கிறது, தனிக் கல்லூரி எதுவும் தன் பெயரில் பட்டம் கொடுக்க முடியாது. ‘வகுப்பு இங்கே நடக்கும், பட்டம் வடமாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து வரும்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு கல்லூரிகளைத் தம்மோடு இணைத்துக்கொள்ள யு.ஜி.சி. விதிகளில் இடமில்லை. இணைப்பு பெற்ற கல்லூரிகளின் பட்டியலைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் மகள் சேரவிருக்கும் படிப்புக்கு இந்தக் கல்வியாண்டில் இணைப்பு உண்டா என்பதையும் பாருங்கள். பழைய படிப்புகளுக்கு இணைப்பு இருந்து, புதிதாகத் தொடங்கிய படிப்புக்கு மட்டும் அது இல்லாமல் போவது உண்டு. பட்டியல் கிடைக்கவில்லை என்றால் இணைப்பு ஆணையின் நகலைக் கல்லூரியிடமே கேளுங்கள். முறையாக நடக்கும் கல்லூரிக்கு அதைக் காட்டுவதில் தயக்கம் இருக்காது.

அடுத்த கேள்வி எல்லையில் வாழும் நமக்கே உரியது. உங்கள் மகள் நாளை வேலை பார்க்கப்போவது பொள்ளாச்சியிலா, பாலக்காட்டிலா? தமிழ்நாட்டில் செல்லும் படிப்பு கேரளத்தில் தானாகவே செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. துணை மருத்துவப் பணிகளுக்குக் கேரளத்தில் பாராமெடிக்கல் கவுன்சிலின் பதிவைக் கேட்கிறார்கள். அதனால் கட்டணம் கட்டும் முன்பே, படிப்பின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் குறிப்பிட்டு, இதைப் படித்து வந்தால் பதிவு கிடைக்குமா என்று கவுன்சிலுக்கு எழுத்து மூலம் கேளுங்கள். துணை மருத்துவப் பணிகளுக்கென்று தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2021இல் வந்துவிட்ட பிறகு, பதிவுக்குத் தகுதியில்லாத படிப்பின் மதிப்பு இனிக் குறையுமே தவிர ஏறாது. கேரளத்திலேயே இந்தப் படிப்புக்கு அரசின் எல்.பி.எஸ். மையம் வழியாக இடம் ஒதுக்குகிறார்கள். அங்கும் கட்டாயம் விண்ணப்பித்து வையுங்கள்.

சலுகைகளைப் பற்றி ஏஜென்ட்கள் சொல்வதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ‘பெண் பிள்ளைக்கு அரசாங்கமே மாதம் ஆயிரம் ரூபாய் தரும்’ என்று உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது புதுமைப் பெண் திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கானது. கேரளத்தில் படித்த உங்கள் மகளுக்கு அது கிடைக்காது. நம் வில்லேஜ் ஆபீசில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டித் தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டை எதிர்பார்க்கவும் முடியாது. எல்லைக்கு அப்பால் படித்தால் கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை வருமா என்பதை, இணையத்தில் விண்ணப்பித்துத் தரும் அக்ஷயா மையத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், உரிய துறையின் அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள். இந்தப் பணம் வரும் என்று கணக்குப் போட்டுச் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் கட்டணத்துக்கு வழியில்லாமல் படிப்பை விடும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிறகு கல்லூரிக்குச் சென்று பாருங்கள். மகளையும் கூட்டிச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் போகாமல் செய்முறை வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். மைக்ரோஸ்கோப்புகள் உறை போட்டு அலமாரியில் இருக்கின்றனவா, மேசையில் பிள்ளைகளின் கையில் இருக்கின்றனவா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சாயக் குப்பிகளிலும் ரசாயனக் குப்பிகளிலும் காலாவதித் தேதியைப் படியுங்கள். இறுதியாண்டு மாணவி ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள்: தேதிகள் வாரா வாரம் வந்து, ஆசிரியரின் கையெழுத்து அந்தந்த நாளில் விழுந்திருந்தால் பாடம் நடக்கிறது என்று பொருள், எல்லாப் பக்கத்திலும் ஒரே மையில், ஒரே தேதியில் கையெழுத்து இருந்தால் தேர்வுக்காக மொத்தமாக எழுதிய நோட்டு அது. பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு, முடிந்தால் அங்கே லேப் பொறுப்பாளரைப் பார்த்து, பிள்ளைகள் எத்தனை மாதம் வருகிறார்கள், என்னென்ன செய்ய விடுகிறார்கள் என்று விசாரியுங்கள்.

‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற வாசகத்தை நான் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வதில்லை. சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் தேறினார்கள், தேறியவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இரண்டு மூன்று பேரிடமாவது மகளையே போனில் பேசச் சொல்லுங்கள். அக்காமார் தங்கைக்கு உண்மையைச் சொல்வார்கள்.

கட்டண விஷயத்தில், படிப்பு முடியும்வரை எல்லா ஆண்டுக்கும் உள்ள மொத்தத் தொகையை, பஸ், ஹாஸ்டல், தேர்வு, யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து, எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாத பணம் எதையும் கொடுக்காதீர்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்திருக்கிறது. அதே அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால், சிறு தொகை போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கடைசித் தேதி முடிந்து முப்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அந்தக் கடைசித் தேதியை இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும்’ என்று கல்லூரித் தரப்பில் அவசரப்படுத்துவது உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. இணைப்பு ஆணையின் நகல் கைக்கு வரும்வரை பணம் கட்ட வேண்டாம். நகல் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்து எழுதுகிறேன்.