வியாழனின் அடர்த்தியைப் பாடசாலை மைதானத்திலேயே அளக்கலாம்

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வியாழனின் அடர்த்தி கனமீற்றருக்கு ஏறத்தாழ 1,330 கிலோகிராம் என்றதும், "அங்க போகாம எப்படி ரீச்சர் தெரியும்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்களிடம் சிறிய தொலைகாட்டி ஒன்று உண்டு. நாங்களே அளக்க முடியுமா?

பதில்: முடியும் ரீச்சர். வியாழன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுகூட உங்களுக்குத் தேவையில்லை.

கோளின் திணிவு கூடினால், அதே தூரத்தில் சுற்றும் நிலாவின் வேகமும் கூடும். ஆகவே நிலாவைக் கவனித்தால் போதும். 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலாக்களில் கனிமீடை எடுங்கள், அதுதான் பிரகாசமானது. எது கனிமீடு என்பதை ஸ்டெல்லேரியம் செயலி காட்டும். அதன் பாதையை நாம் பக்கவாட்டில் பார்ப்பதால், ஒரே கோட்டில் போய் வருவதுபோலத் தெரியும். வியாழனின் நடுவிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை, வியாழனின் ஆரையை அலகாக வைத்து, இரவுதோறும் குறியுங்கள். அது ஆகக் கூடத் தள்ளி நிற்கும் உச்சம் பகலில் வந்துவிடலாம். அதனால் மூன்று நாலு கிழமை அளந்து, புள்ளிகளூடாக அலைபோல் கோடு வரையுங்கள். உச்சத் தூரம் 15.3 ஆரையளவிலும், சுற்றுக்காலம் 7.15 நாளளவிலும் வர வேண்டும்.

சரி, கணக்கு: உச்சத் தூரத்தின் கனத்தை (தூரம் × தூரம் × தூரம்) சுற்றுக்கால நாளின் வர்க்கத்தால் வகுத்து 18.9ஆல் பெருக்குங்கள். கெப்ளரின் மூன்றாம் விதியோடு நியூட்டனின் ஈர்ப்பு விதியைச் சேர்த்தால் வரும் எண் அது. உயர்தரப் பிள்ளைகளே அதை நிறுவட்டும். விடை 1,325 அளவில் வரும். பூமிக்கு இது 5,500. வியாழன் பாறைக் கோளம் அல்ல என்பது அங்கேயே தெரிந்துவிடும். என்ன வாயு என்பதற்கு, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை வேண்டும். அதிலுள்ள கருங்கோடுகளை வைத்துத்தான் 1930களில் மெதேனையும் அமோனியாவையும் கண்டார்கள்.

பிழை அதிகம் வருவது ஆரையில்தான். தூரத்தை மும்முறை பெருக்குவதால் 5 வீதப் பிழை 15 வீதமாகிவிடும். நிலா தெரியும்படி கைபேசியில் படமெடுத்தால் வியாழன் ஒளியில் ஊதித் தெரியும், அடர்த்தி குறைந்துவிடும். ஒரே உருப்பெருக்கத்தில் இரண்டு படம் எடுங்கள்: வட்டத்துக்கு மங்கலாக ஒன்று, நிலாவுக்கு வெளிச்சமாக ஒன்று.

தொலைகாட்டியைக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம், உப்புக்காற்று வில்லையைக் கெடுக்கும். வியாழனுக்குக் கும்மிருட்டும் தேவையில்லை, மைதானம் போதும். வாடை மழை விட்டதும் தொடங்குங்கள்.