முன்வாசல், பின்வாசல்: கறுப்பர் இசை பற்றிச் சில கேள்வி பதில்கள்

பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற பாஸ் கிட்டாரை வாசித்தே குடும்பம் நடத்துகிறவன் நான். மெல்லிசைக் குழு, தேவாலயம், ரெக்கார்டிங், ஹோட்டல் என்று 31 வருடமாகக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். போன மாதம் ஒரு நூலகத்தில் அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைப் பாடல்கள் பற்றிப் பேசினேன். கேள்விகளைச் சீட்டில் எழுதித் தந்தார்கள். பாதிச் சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை, காவலாளி விளக்கை அணைக்க வந்துவிட்டார். மிச்சத்துக்கு இங்கே பதில்.

இந்தப் பாடல்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஒன்றுதான் சொல்ல வேண்டும். (கல்லூரி மாணவி, திருச்சி)

சாம் குக் பாடிய 'எ சேஞ்ச் இஸ் கானா கம்'. யோசிக்கவே வேண்டியதில்லை. 1963 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்பதிவு செய்திருந்த ஹோட்டலிலேயே கறுப்பரான அவருக்கு அறை இல்லை என்றார்கள். எதிர்த்துக் குரல் கொடுத்ததற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்போதே அவர் நாடறிந்த பாடகர். 1964 ஜனவரி 30 அன்று இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்.

அடிக்கு மூன்று தட்டு விழும் மெதுவான நடை. நம் திஸ்ரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயலின்கள், ஃப்ரெஞ்ச் ஹார்ன், டிம்பனி எல்லாம் உண்டு. பாஸுக்கு வேலை சொற்பம். முதன்முதலில் இதை மேடையில் வாசித்தபோது இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் கைவரிசை காட்டினேன். பாடிக்கொண்டிருந்த பெண்மணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து ஒரு சுரம்கூட அதிகமாக வைப்பதில்லை.

1964 டிசம்பர் 11 அன்று சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் பாட்டு சிறிய இசைத்தட்டாக வந்தது, ஆனால் ஒரு சரணம் வெட்டுப்பட்டு. சினிமாவுக்குப் போனாலும் கடைவீதிக்குப் போனாலும் 'இங்கே நிற்காதே' என்று விரட்டுகிறார்கள் என்று சொல்லும் சரணம் அது. முழுப் பாட்டையும் தேடிக் கேளுங்கள்.

'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டை நீங்கள் வாசித்ததுண்டா? (தஞ்சாவூர்)

மேடையில் இல்லை. ஒரு டிசம்பர் இரவு, ஹோட்டலில் புஃபே நடந்துகொண்டிருந்தது. விருந்தாளி ஒருவர் காகிதக் கைக்குட்டையில் இந்தப் பாட்டின் பெயரை எழுதி அனுப்பினார். எங்கள் பியானோக்காரர் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், வேறு பாட்டைத் தொடங்கிவிட்டார். கும்பல் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கறுப்பர்களின் உடல்களைப் பற்றிய பாட்டு அது. ஸ்பூன் சத்தத்துக்கு நடுவில் எப்படி வாசிப்பது?

1939இல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில் கறுப்பினப் பாடகி பில்லி ஹாலிடே இதைப் பாடும்போது, பரிமாறுகிறவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். விளக்குகள் அணையும், அவர் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். அதற்குப் பிறகு இன்னொரு பாட்டு கிடையாது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடிய விடுதி அது. பாட்டை எழுதியவர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஆசிரியராக இருந்த ஏபெல் மீரோபோல் என்ற யூதர். பெரிய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா பதிவு செய்யத் தயங்கி ஒதுங்கியது. கமடோர் என்ற சின்ன நிறுவனம்தான் துணிந்தது.

இதற்கு முந்தைய வருடம் பில்லி ஹாலிடே ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில், விருந்தினர்களோடு லிஃப்டில் வராதே, சரக்கு லிஃப்டில் வா என்றார்கள். இந்த விஷயத்தைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. இங்கே நாங்கள் எல்லோருமே சரக்கு லிஃப்டில்தான் ஏறுகிறோம். ஆனால் எங்களை அனுப்புவது எங்கள் பெட்டிகளுக்காக. அவரை அனுப்பியது தோலுக்காக.

கலைஞர்களுக்குள்ளே நிறபேதம் இருந்திருக்காது அல்லவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

ஐயா, நல்ல மனசு உங்களுக்கு. தொழிற்சங்கமே இரண்டாகத்தான் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் வெள்ளைக் கலைஞர்களுக்கு 47ஆம் கிளை, கறுப்பர்களுக்கு 767ஆம் கிளை. சினிமா ஸ்டூடியோவின் நல்ல சம்பள வேலை பெரும்பாலும் 47இன் வழியாகவே போகும். பட்டி காலெட், சார்லஸ் மிங்கஸ் போன்ற கறுப்பு ஜாஸ் கலைஞர்கள் முயன்று 1953இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். சிகாகோவில் அது நடக்க 1966 ஆயிற்று. மேடையில் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிற புகைப்படத்தைப் பார்த்து நான் மயங்குவதில்லை. சம்பளப் பட்டியலைக் காட்டுங்கள் என்பேன்.

'வீ ஷல் ஓவர்கம்' பள்ளியில் பாடிப் பாடிச் சலித்துவிட்டது. (சேலம்)

எனக்கும்தான். 1945இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வேலைநிறுத்தம் செய்த புகையிலை ஆலைத் தொழிலாளிப் பெண்கள் மறியலில் நின்றபடி இழுத்து இழுத்துப் பாடிய பாட்டு. ஆண்டு விழா வேகத்தில் பாடினால் சலிக்கத்தான் செய்யும்.

அந்தக் காலத்து அமெரிக்க இசைக்கலைஞர்கள் சென்னைக்கு வந்திருக்கிறார்களா? (மயிலாப்பூர்)

1958இல் வெள்ளையரான ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு வந்தது. அமெரிக்க அரசே செலவழித்து அனுப்பியது, தங்கள் நாட்டின் சுதந்திரத்தை உலகுக்குக் காட்ட. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு புரூபெக் இங்கே சேர்ந்து வாசித்திருக்கிறார். அந்தக் குழுவின் பாஸ் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பர். இரண்டே வருடத்தில் அமெரிக்காவின் தென்மாநிலக் கல்லூரிகள், ரைட்டை விட்டுவிட்டு வந்தால்தான் கச்சேரி என்றன. புரூபெக் ஆளை மாற்ற மறுத்தார். ஏற்பாடாகியிருந்த 25 கச்சேரிகளில் பெரும்பாலானவை ரத்தாயின. சென்னைக்கு அனுப்பலாம், சொந்த ஊர்க் கல்லூரிக்குள் விடக்கூடாது!

உங்கள் மானசீக குரு யார்? (பாஸ் கற்கும் இளைஞர், கோவை)

ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடல்களில் தரையதிர வாசித்த கறுப்பர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். தந்திகளை மாற்றவே மாட்டார் என்பார்கள். பத்தாண்டுகள் பாட்டுக்குப் பாட்டு வாசித்தும் இசைத்தட்டு உறையில் பெயர் கிடையாது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டில்தான் போட்டார்கள். 1983இல் அந்த நிறுவனத்தின் வெள்ளிவிழா நடந்தபோது, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் மாடியில் உட்கார்ந்து பார்த்தாராம். அதே வருடம் இறந்தார்.

மோட்டவுனின் முதலாளியும் கறுப்பர்தான். எனவே இதற்கு நிறத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கேசட் காலத்தில் என் பெயரும் எந்த உறையிலும் வந்ததில்லை. அதனாலோ என்னவோ, அவர்மேல் கொஞ்சம் அதிகப் பாசம்.

அமெரிக்காவை மட்டும் பேசுகிறீர்களே, நம் ஊர்? (பெயர் எழுதாத சீட்டு)

நியாயமான கேள்வி. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பறையடிக்க நான்கு பேர் வந்திருந்தார்கள். கூட்டமே ஆடியது, நானும் ஆடினேன். பந்தியில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு இலை போட்டார்கள். அந்த நால்வருக்கும் மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில், பொட்டலம். நான் பாயசம்வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். பேசியிருக்கலாம். பேசவில்லை.

என் மகள் பாஸ் கற்கிறாள். எதிலிருந்து தொடங்கலாம்? (ஒரு தாய், நாகர்கோவில்)

'கிரீன் ஆனியன்ஸ்', 1962. மெம்ஃபிஸ் நகரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த குழுவின் பாட்டு; ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது. பன்னிரண்டு ஆவர்த்தனம், அதே சுற்று, திரும்பத் திரும்ப. விரல் வைக்க எளிது. ஐந்து நிமிடம் வேகம் ஏறாமல் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது சுற்றில் கட்டாயம் ஓட ஆரம்பிப்பாள். நிறுத்தி, முதலிலிருந்து.