அக்கறைக்கு ஒரு பாலம்

கே: திருச்சி காவிரியில் பழைய பாலத்தை ஒட்டியே புதுப் பாலம் கட்டுகிறார்கள். அக்கறைக்குப் போக வேறு இடத்தில் கட்டியிருந்தால் நெரிசல் குறைந்திருக்கும் என்கிறார்கள் எங்கள் பகுதியில் சிலர். தங்கள் கருத்து?
- ஒரு வாசகர், திருவானைக்காவல்

ப: முதலில் அந்த 'ற'வை இறக்கி வையுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது அக்கரை. அக்கறை என்பது மனசில் இருப்பது, அதாவது இருக்க வேண்டியது. அதற்குப் போய்ச் சேர யாரும் இதுவரை டெண்டர் விட்டதாகத் தெரியவில்லை. விட்டாலும் உங்கள் ஊர்ப் பாலத்துக்கு ஒதுக்கிய 106 கோடி ரூபாய் அதற்குக் காணாது.

சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. பல வருஷம் முன்னால் இதே பத்திரிகையில் 'காவிரியில் வெள்ளம் கறைபுரண்டு ஓடுகிறது' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டோம். கரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், சாயப்பட்டறைக் கழிவைப் பற்றித் துணிந்து எழுதியதற்கு நன்றி என்று கார்டு போட்டிருந்தார். திருத்தம் வெளியிட மனசு வரவில்லை. நொய்யலும் அமராவதியும் கொண்டுவந்து சேர்த்ததை நினைத்தால் அன்று அச்சுப்பிழைதான் சரியான செய்தி.

அன்றிலிருந்து எனக்கும் எங்கள் பிழைதிருத்துநருக்கும் ஆகாது. பேச்சில் யார் இப்போது 'ர', 'ற' வித்தியாசம் பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி. "கறி வாங்கி வரச் சொன்னால் கரி மூட்டையோடு வருவீர்களா?" என்று கேட்டேன். "எங்கள் வீட்டில் கறி என்றால் வாழைக்காய் சார்" என்றார். அவர் ஸ்ரீரங்கம். அதற்கு மேல் என்ன பேசுவது?

சரி, பாலம். நீங்கள் இருப்பது தீவில். முக்கொம்பில் பிரிகிற காவிரியும் கொள்ளிடமும் உங்களை நடுவில் விட்டுவிட்டுப் போகின்றன. தெற்கே பார்த்தாலும் அக்கரை, வடக்கே பார்த்தாலும் அக்கரை. அப்படிப்பட்ட ஊர்க்காரருக்கு இந்தச் சொல்லிலாவது பிழை வரக்கூடாது.

பாலங்கள் ஏன் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே முளைக்கின்றன? பக்கத்தில் கட்டினால் இருக்கிற சாலையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். தள்ளிக் கட்டினால் இரண்டு கரையிலும் நிலம் எடுக்க வேண்டும், வீடு இடிக்க வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டும். 'வேறு இடத்தில் கட்டு' என்பவர்களையும் நான் அறிவேன். அந்த வேறு இடம் அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு நிமிஷத்தில் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டுச் சுவரில் மட்டும் அளவுக்கல் நடக்கூடாது.

சிந்தாமணிப் பக்கம் ஓடத்துறை என்று ஓர் இடம் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? ஓடம் போய்விட்டது, துறை பெயரில் மட்டும் மிச்சம். என்றைக்கோ ஓடக்காரர் பார்த்து வைத்த இடத்துக்குப் பக்கத்திலேதான் நாம் இன்னும் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறோம்.

ஆனாலும் உங்கள் பகுதியினர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1976-இல் கட்டிய பாலத்தைப் பழுதுபார்க்க 2022 செப்டம்பரில் மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த ஆறு மாதமும் நீங்கள் எப்படி டவுனுக்குப் போனீர்கள்? சஞ்சீவி நகர் வழியாகச் சுற்றி, சென்னை பைபாஸ் பாலத்தில். தள்ளி இருந்ததால்தான் அது உதவிற்று. அப்புறம், நெரிசல் ஆற்றின் மேலா இருக்கிறது? இந்தப் பக்கம் அண்ணா சிலை, அந்தப் பக்கம் மாம்பழச் சாலை. நடுவில் எட்டுப் பாலம் போட்டாலும் எல்லா வண்டியும் அந்த இரண்டு முனையில்தான் வந்து முட்டும். புதுப் பாலத்தில் காத்திருக்க இடம் தாராளமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். காற்று வாங்க வருகிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. கடற்கரை இல்லாத ஊருக்குக் காவிரிப் பாலம்தானே மெரினா? அதற்கும் ஒரு லேன் ஒதுக்கியிருக்கலாம்.

பாலம் என்றதும் எனக்குத் திருநெல்வேலி ஞாபகம் வந்துவிடும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுத் தாமிரபரணியில் பாலம் கட்டினார். லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைந்த வடிவம், பதினொரு வளைவு. 1843-இல் திறந்தார்கள். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். நம் காலத்தில் வரிப்பணத்தில் கட்டிய பாலங்களுக்குக் கல்வெட்டு வைக்கிறார்கள். 'தலைமையில்', 'முன்னிலையில்', 'வரவேற்புரை', 'நன்றியுரை' என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போகும். சிமெண்டு கலந்தவர் பெயர் மட்டும் எதிலும் நான் பார்த்ததில்லை. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கில்லை. ஒரு முன்னாள் கவுன்சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

புதுப் பாலத்தைத் திறக்கும் நாளில் நீங்கள் கட்டாயம் போவீர்கள். கல்வெட்டு முன்னால் நின்று நிதானமாகப் படித்துவிட்டு எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம். 'அக்கரை' என்ற சொல் எங்காவது வந்திருந்தால், சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று மட்டும் தெரிவித்தால் போதும். பிழைதிருத்துநரோடு பந்தயம் வைத்திருக்கிறேன்.