டியூப் மாற்றி டியூப் போட்டும் அரிப்பு திரும்ப வருகிறதா?

கேள்வி: வணக்கம் சார். குடியாத்தம் பக்கம், வயது 47. ஆணுறுப்பு நுனியில் சிவந்து அரிக்கிறது, முன்தோலுக்கு அடியில் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகப் படிகிறது. மெடிக்கலில் சொல்லி ஒரு டியூப் வாங்கினேன். போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. நாலு மாதமாக இதே கதைதான். சுகர் உண்டு, இந்த வருஷம் மாத்திரை மாற்றினார்கள். விலை கூடினாலும் பரவாயில்லை, நல்ல ஆயின்மென்ட் எது என்று சொல்லுங்கள்.

பதில்: இன்னொரு டியூப் வாங்காதீர்கள். கையில் இருப்பதைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருப்பார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே டியூப் என்று கொடுப்பது அதைத்தான். இரண்டு நாளில் அரிப்பு அடங்கியது ஸ்டீராய்டின் வேலை. பூஞ்சை முழுசாகச் சாகாமல் அடியில் இருக்கும், நிறுத்தினதும் கிளம்பும். அந்த இடத்துத் தோல் ரொம்ப மெல்லிசு, மாதக்கணக்கில் குளோபீட்டசால் பட்டால் இன்னும் மெலிந்து, பூஞ்சை போன பிறகும் எரிச்சல் நிற்கும். டாக்டரே பார்த்து லேசான ஸ்டீராய்டைச் சில நாளுக்கு எழுதுவதுண்டு, அது வேறு. இந்த வகைக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு பட்டியல் போட்டாயிற்று. இன்னமும் கவுன்ட்டரில் கேட்டதும் எடுத்து நீட்டுகிறார்கள், பில் கூடத் தருவதில்லை, இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

உங்களுக்கு இருப்பது பூஞ்சைதான் என்றால் முதல் மருந்து க்ளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீம், தனியாக, வேறு எதுவும் கலக்காதது. காலையும் ராத்திரியும் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்துவிட்டு மெல்லிசாகத் தடவ வேண்டும். மூன்றாம் நாளே அரிப்பு போய்விடும், அங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் முழுசாகப் போடுங்கள். ஜெனரிக்கில் நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம் இது, மக்கள் மருந்தகத்திலோ 2025-இல் தொடங்கின முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

சரி, அப்புறமும் ஏன் திரும்ப வரும்? சுகர். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை முதலில் எடுங்கள், களிம்புக்குச் செலவழிக்கும் காசு இதற்குப் போகட்டும். மாத்திரை மாற்றினதாகச் சொன்னீர்களே, சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறதா பாருங்கள். இவை ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறவை, அந்தச் சர்க்கரை முன்தோலுக்கு அடியில் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முன்னதுக்கு 2020-லும் பின்னதுக்கு 2025-லும் பேட்டன்ட் முடிந்து விலை மளமளவென்று இறங்கியதால் இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல மருந்துகள்தான், ஆகவே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதின டாக்டரிடம் இந்தத் தொந்தரவைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர் தினமும் கேட்கிற விஷயம் இது.

கேள்வி: ஃப்ளூகோனசோல் 150 மாத்திரை ஒன்று போட்டால் போதும் என்கிறார்களே, வாங்கிப் போடலாமா?

பதில்: க்ரீமுக்கு அடங்காதபோது டாக்டர்கள் கொடுக்கிற மருந்துதான், விலையும் கம்மி. ஆனால் கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தக்கசிவு ஆபத்து. நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். சிலவகைப் பூஞ்சை இதற்கு மசியவே மசியாது.

அதனால் இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் போகவில்லை என்றால் தோல் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவில்லாமல் பார்ப்பார்கள், சிஎம்சி-யிலும் தோல் பிரிவு இருக்கிறது. லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று தெரிந்துவிடும். சொரியாசிஸ், ஹெர்பிஸ், வெள்ளையாகத் தோல் இறுகிப்போகும் லைக்கன் ஸ்க்லீரோசஸ், அபூர்வமாகப் புற்றுநோயின் தொடக்கம் கூட இதே மாதிரி சிவப்பாக வரும். ஆறாத புண், கட்டி, ரத்தம் இருந்தால் இரண்டு வாரம் கூடக் காத்திருக்க வேண்டாம். முன்தோல் பின்னால் போகாமல் இறுகி, அடிக்கடி பூஞ்சை வந்துகொண்டே இருந்தால் சுன்னத் அறுவை சிகிச்சையும் ஒரு வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுவரில் போஸ்டர் ஒட்டி லாட்ஜில் ரூம் போட்டு ‘ரகசிய நோய்’ பார்க்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பயத்தை விற்பதுதான் அவர்கள் தொழில், ஆயிரக்கணக்கில் கறந்துவிட்டு லேகியம் கொடுத்து அனுப்புவார்கள்.

கேள்வி: ஆண்களுக்கென்று ஆன்லைனில் விற்கும் வாஷ், பவுடர் எல்லாம் உதவுமா? மனைவிக்கும் மருந்து வேண்டுமா?

பதில்: வாஷ் வேண்டாம். சோப்பும் டெட்டாலும் கூட எரிச்சலைக் கிளப்பும். வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். நம்ம ஊர் சித்திரை வெயிலில், அதுவும் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், மதியம் ஒரு உள்ளாடை மாற்றிக்கொண்டால் அது எந்த பவுடரையும் விட உதவும். பருத்தி, தளர்வாக.

மனைவிக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் இருவரும் சேர்ந்தே சிகிச்சை எடுங்கள், இல்லையென்றால் மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கும். இது தப்பான உறவால் மட்டும் வருவதில்லை, அதையும் அவரிடம் சொல்லுங்கள். க்ளோட்ரிமசோல் க்ரீம் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும், அதை நம்பிக் குடும்பக் கட்டுப்பாடு பார்க்கிறவர்கள் மருந்து போடும் நாட்களில் உறவைத் தள்ளிப்போடுங்கள். மருந்து எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.