வீட்டிலேயே செய்யலாம் நாய் பிஸ்கட்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் 10 கிலோ எடையுள்ள நாட்டு நாய் ஒன்று வளர்கிறது. கடையில் விற்கும் நாய் பிஸ்கட்டுகள் விலை அதிகமாக இருப்பதால் வீட்டிலேயே செய்து கொடுக்க விரும்புகிறேன். என்னிடம் ஓவன் இல்லை. என்ன செய்யலாம்? சுவைக்காகச் சிறிது வெல்லம் சேர்க்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓவன் இல்லாதது ஒரு குறையே அல்ல, நம் வீடுகளில் கேக் சுடுவதற்குக் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சூடேற்றுவோமே, அந்த முறையே இதற்கும் போதும். கேழ்வரகு மாவு 120 கிராம், கோதுமை மாவு 60 கிராம், வேகவைத்து நீரை வடித்து மசித்த மஞ்சள் பூசணிக்காய் ஏறக்குறைய 100 கிராம், ஒரு முட்டை ஆகியவற்றைச் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசையுங்கள். கேழ்வரகு தனியாக இருந்தால் உருட்டும்போதே விரிசல் விட்டு உதிர்ந்துவிடும் என்பதால்தான் கோதுமையும் முட்டையும் சேர்க்கப்படுகின்றன. பூசணியிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீரை முதலிலேயே ஊற்றிவிடாமல், தேவைப்பட்டால் மட்டும் தெளித்துக்கொள்ளுங்கள். அரை சென்டிமீட்டர் கனத்திற்குத் தேய்த்து, ஒரே அளவுள்ள 60 துண்டுகளாக வெட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, சூடேறிய குக்கருக்குள் சிறு தீயில் அரை மணி நேரம் வையுங்கள். ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்து, நடுவில் பச்சை மாவு தெரிந்தால் மேலும் 10 நிமிடம் விடலாம். பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் இருபுறமும் வாட்டி எடுத்தால் மொறுமொறுப்பு வந்துவிடும்.

வெல்லம், சர்க்கரை, உப்பு, நெய் எதுவும் வேண்டாம். பூசணியின் இனிப்பே நாய்க்குத் தாராளம். மனிதர் வாய்க்குச் சப்பென்று இருக்கும் பண்டத்தை நாய் வாலாட்டிக்கொண்டு தின்னும் என்பதைச் சமைப்பவர்கள் நம்ப மறுப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் என்பது என் அனுபவம்.

அளவுதான் முக்கியமானது. நாளொன்றுக்கு நாய் உண்ணும் மொத்தக் கலோரியில் தின்பண்டத்தின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. உங்கள் நாயின் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி தேவைப்படும் என்று கொண்டால், தின்பண்டத்திற்கு 60 கலோரிதான் ஒதுக்க முடியும். மேற்சொன்ன துண்டு ஒன்றில் ஏறக்குறைய 11 கலோரி இருக்கும் என்பதால் ஐந்து துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதப்படுத்தும் பொருள் எதுவும் இதில் சேராததால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று, நான்கு நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம். மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்து எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் பூஞ்சை வாடை லேசாக வந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சாப்பிடும் சாம்பார் சாதம், புளியோதரை, பாயசத்தில் உள்ள திராட்சை ஆகியவற்றை எங்கள் நாய் ஆசையாகத் தின்கிறது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தொடரலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தொடர வேண்டாம். திராட்சையும் உலர் திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதே அமிலம் மிகுந்துள்ள புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2022-இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று பதிவு செய்திருக்கிறது. நம் சமையலில் புளி எங்கெல்லாம் சேர்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், வெளிநாட்டு எச்சரிக்கைப் பட்டியல்களைவிட நாம் இன்னும் ஒரு படி கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும் என்பது புரியும்.

சாம்பாரில் புளியோடு சின்ன வெங்காயமும் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தத் தன்மை போவதில்லை. தின்ற அன்றே அறிகுறி தெரியாமல், சில நாட்கள் கழித்துச் சோர்வும் ஈறு வெளுப்பும் தோன்றலாம் என்பதால், 'ஒன்றும் ஆகவில்லை' என்ற கணக்கு இங்கே செல்லாது. சாக்லேட்டும், சர்க்கரையில்லாச் சூயிங்கம், சில வகை வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பும் நச்சே. சைலிட்டால் உள்ளே போனால் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நாய் தள்ளாடக்கூடும். அப்போது வீட்டு வைத்தியம் எதையும் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பங்கு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், குழம்பில் போடுவதற்கு முன் வேகவைத்த பூசணிக்காய், பீன்ஸ், கேரட் ஆகியவற்றில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: நெத்திலிக் கருவாட்டைத் தின்பண்டமாகக் கொடுக்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கூடாது, எத்தனை முறை அலசினாலும் உப்பு முழுமையாகப் போகாது. உங்கள் ஊரில் பச்சை நெத்திலி கிடைப்பதில் சிரமம் இருக்காதே! தலையையும் குடலையும் நீக்கி, உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்து இரண்டு மூன்று கொடுங்கள். கோழியாக இருந்தால் சதை மட்டும் போதும். வெந்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழித்துவிடும்.

கேள்வி: எங்கள் லாப்ரடாரின் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் தேநீர் நேரத்தில் மேரி பிஸ்கட் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எப்படி நிறுத்துவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒரு மேரி பிஸ்கட்டில் 20 கலோரிக்கு மேல் இருக்கும்; ஆளுக்கு இரண்டு போட்டால் கணக்கு எங்கே போகும் என்பதை அவர்களுக்கே கூட்டிக் காட்டுங்கள். பெரியவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்வதால் பயன் விளைந்து நான் பார்த்ததில்லை. எதைக் கொடுப்பது என்பதை மாற்றுவதே எளிது. வெள்ளரிக்காய்த் துண்டுகளையும் வேகவைத்த பீன்ஸையும் அன்றாட அளவுக்குக் காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். யார் கொடுப்பதாக இருந்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது காலியானால் மறுநாள் காலைவரை நாய் எப்படிப் பார்த்தாலும் கிடையாது.