சாண்டி கோஃபாக்ஸ்: கேள்வி பதில்

கே: அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளர் கோஃபாக்ஸின் பெயரில் மொத்தம் 165 வெற்றிதான். 363 ஜெயித்த இன்னொரு பந்துவீச்சாளர் வாரன் ஸ்பானுக்குச் சமமாக இவரை எப்படி வைக்கிறீர்கள்?

ப: நீண்ட கால உழைப்பு என்றால் ஸ்பான்தான், பேச்சே இல்லை. கோஃபாக்ஸின் 12 சீசனையும் ஒன்றாகக் கூட்டினால் ஆள் பிடிபட மாட்டார். 1955 முதல் 1960 வரை 36 வெற்றி, 40 தோல்வி. 1962 முதல் 1966 வரை 111 வெற்றி, 34 தோல்வி. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்தால், அந்த ஐந்து வருஷத்தில் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.95 ரன்தான் கொடுத்திருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு பேர் ஆடிய மாதிரி!

கே: ஆரம்பத்தில் ஏன் அவ்வளவு சொதப்பல்?

ப: பாதிப் பழி விதிமுறைக்கு. பெரிய போனஸ் வாங்கிய புதியவரை இரண்டு வருஷம் கீழ்நிலை லீகுக்கு அனுப்பக் கூடாது. 14,000 டாலர் வாங்கிய இந்த 19 வயதுப் பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். 1961 பயிற்சி முகாமில் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) நார்ம் ஷெரி, முழு பலத்தையும் போட்டு வீச வேண்டாம் என்றார். அந்த வருஷம் 269 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே மட்டையாளர் அவுட் ஆவது.

கே: அவருடைய அணியான டாட்ஜர்ஸின் டாட்ஜர் ஸ்டேடியமும், பந்து வீச ஏறி நிற்கும் உயரமான மேடும் தந்த புகழ் என்கிறார்களே?

ப: ஓரளவு உண்மை. 1964ல் சொந்த மைதானத்தில் சராசரி 0.85, வெளியூரில் 2.93. மேடு அப்போது 15 அங்குலம். 1969ல்தான் 10 ஆக்கினார்கள். அதனால் அந்த 1.95ஐ நானும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிப்பேன். ஆனால் தூக்கி அடித்த பந்தைத்தான் பெரிய மைதானம் காப்பாற்றும், மட்டையிலேயே படாத பந்துக்கு அது என்ன செய்யும்? 1965ல் 382 ஸ்ட்ரைக் அவுட். அதே உயர மேட்டில் ஏறிய மற்றவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

கே: அந்த வருஷ உலகத் தொடரில், அதாவது சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடரில், முதல் ஆட்டத்தில் ஆட மறுத்தது சரியா?

ப: யோம் கிப்பூர், யூதர்களின் புனித நாள். அவர் ஆடவில்லை, டாட்ஜர்ஸ் தோற்றது. சரி, ஏழாவது ஆட்டத்தைப் பாருங்கள். முந்தைய முறை வீசியதற்கும் இதற்கும் நடுவில் இரண்டே நாள் ஓய்வு. கர்வ்பால் (வளைந்து இறங்கும் பந்து) அன்று கைகொடுக்கவில்லை. பெரும்பாலும் ஃபாஸ்ட்பாலையே வைத்து எதிரணி மின்னசோட்டாவை 2-0 என்று முடித்தார். பத்து ஸ்ட்ரைக் அவுட், எதிரணிக்கு மூன்றே ஹிட் (பந்தை அடித்துவிட்டு பேஸுக்கு ஓடிச் சேர்வது).

கே: 30 வயதிலேயே ஏன் ஓய்வு?

ப: இடது முழங்கையில் மூட்டுவாதம். ஆட்டம் முடிந்ததும் கையை ஐஸ் தொட்டியில் அமிழ்த்தி உட்கார்ந்திருப்பார். கடைசி வருஷமான 1966ல் அந்தக் கையோடுதான் 27 வெற்றி.